பிடுங்குவதற்கு முன் பத்து அத்தியாயமாவது படியுங்கள்

பெற்றோர்களே, உங்களோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

"எந்நேரமும் போனும் கையுமாகவே கிடக்கிறான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பிள்ளையைப் பற்றிக் குறைப்படுகிறீர்கள். போனில் என்னதான் பார்க்கிறான் என்று கேட்டால், "என்னமோ சைனாக்காரன் கதையாம், சண்டையும் மந்திரமுமாக" என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். கதையின் பெயர் தெரியாது. எழுதியவர் யாரென்று தெரியாது. அதில் வருகிற ஒரே ஒரு பாத்திரத்தின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அது குப்பை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் ஒரு நாவலுக்குத் தீர்ப்பு எழுதும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

"ரீல்ஸ் பார்ப்பதற்கு இது தேவலை, படிக்கத்தானே செய்கிறான்" என்று விட்டுவிடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். போனைப் பிடுங்குகிறவரும் படிக்கவில்லை. கண்டும் காணாமல் விடுகிறவரும் படிக்கவில்லை. பிள்ளை மாதக்கணக்கில் ஓர் உலகத்துக்குள் குடியிருக்கிறான். அந்த வீட்டு வாசலில்கூட நீங்கள் போய் நின்றதில்லை. இதுதான் என் வழக்கு.

பிள்ளைகள் மாய்ந்து மாய்ந்து படிக்கும் ஒரு நாவலையே எடுத்துக்கொள்வோம். 'பேட்டில் த்ரூ தி ஹெவன்ஸ்' என்ற பெயரை உங்கள் வீட்டில் எப்போதாவது கேட்டிருப்பீர்கள். சீனாவின் சிதியான் இணையதளத்தில் 2009 முதல் 2011 வரை தொடராக வந்தது. ஆயிரத்து அறுநூறு அத்தியாயங்களைத் தாண்டும். தியான்சான் தூதோ என்ற புனைபெயரில் அதை எழுதத் தொடங்கியவருக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. பிறகு அது காமிக்ஸாகவும் அனிமேஷனாகவும் வந்தது. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வகைக் கதைகளைப் பிள்ளைகள் 'கல்டிவேஷன்' நாவல் என்கிறார்கள். மூச்சை ஒழுங்குபடுத்தி, உடம்புக்குள் ஓடும் ஆற்றலை அடிவயிற்றில் சேர்த்து, நாள்தோறும் சாதகம் செய்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறுவது. சீனத் தாவோ மரபின் உள் ரசவாதத்தை எடுத்துப் போர்க்கலையோடு சேர்த்துக் கதையாக்கியிருக்கிறார்கள். "இதெல்லாம் பித்தலாட்டம்" என்று முகம் சுளிக்கும் அப்பாவுக்கு ஒன்று சொல்வேன். வாசி யோகம், மூலாதாரம், காயகற்பம், ரசவாதம் என்று நம் சித்தர் மரபு பேசுவது இதற்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பழனியில் நவபாஷாண முருகனைச் செய்ததாக நாம் நம்பும் போகரைச் சீனத்தோடு இணைத்தே கதைகள் வழங்குகின்றன. உங்கள் தாத்தா சொன்ன சித்தர் கதையை வாய் பிளந்து கேட்டவர்தானே நீங்கள்? உங்கள் மகன் கேட்பதும் அதன் பங்காளிக் கதைதான்.

சரி, அந்த நாவல் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு மைதானம். நடுவே ஒரு பெரிய கல். குலத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அதில் கை வைக்க வேண்டும். யாருக்கு எத்தனை படி ஆற்றல் என்று கல்லிலேயே எழுத்து மின்னும். சோதிக்கிறவர் அதை எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார். ஷியாவ் யான் என்ற பதினைந்து வயதுப் பையன் கை வைக்கிறான். மூன்றாம் படி. கூட்டம் சிரிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் குலமே தலைமேல் வைத்துக் கொண்டாடிய மேதை அவன். பிறகு ஏனென்றே தெரியாமல் சேர்த்த ஆற்றலெல்லாம் வடிந்துபோயிற்று. முயற்சியை அவன் நிறுத்தவில்லை. ஆனாலும் மூன்றாம் படிதான்.

அந்தக் கல்லை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லையா? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியல் வந்து விழுகிறதே, அதுதான் அந்தக் கல். கோச்சிங் சென்டர் வாசலில் ரேங்க் வாரியாக ஒட்டுகிற புகைப்படப் பலகைதான் அந்தக் கல். பத்தாம் வகுப்பில் முதலிடம் வாங்கிவிட்டுப் பதினொன்றில் சறுக்கிய பிள்ளையிடம், "நீயா இப்படி?" என்று உறவுக்காரர்கள் முன்னால் கேட்டீர்களே, அந்தக் கேள்விதான் அந்தக் கூட்டத்தின் சிரிப்பு. சீனத்துப் பிள்ளைகளும் காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகச் சிறு வயதிலிருந்தே அரைக்கப்படுகிறவர்கள். படிநிலைகளும் தரவரிசைகளும் நிறைந்த கதை அங்கே பிறந்ததும், நீட்டுக்கும் ஜேஇஇக்கும் தயாராகும் நம் பிள்ளைகளின் நெஞ்சில் இங்கே வந்து ஒட்டிக்கொண்டதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்பது அந்த முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்து ஷியாவ் யானுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், நாலான் யான்ரான், பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம் வேண்டாம் என்று அவன் வீட்டுக் கூடத்துக்கே வந்து சொல்கிறாள். மூன்று ஆண்டில் நேருக்கு நேர் மோதிப் பார்ப்போம் என்று அவன் சூளுரைக்கிறான். அம்மா விட்டுச்சென்ற மோதிரத்துக்குள் ஒரு பழைய ஆசானின் உயிர் தங்கியிருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியவருகிறது. அவன் ஆற்றலை அத்தனை காலம் உறிஞ்சியதும் அவர்தான். இனி அவனை உருவாக்கப் போகிறவரும் அவர்தான். அவர் பெயர் யாவ் லாவ். அவர் சொற்படி பூமிக்கடியில் விளையும் ஓர் அபூர்வ நெருப்பைத் தேடி ஷியாவ் யான் பாலைவனத்துக்குள் போகிறான்.

இந்தப் பாலைவனப் பகுதியைத்தான் எங்கள் குடியிருப்பிலிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்கு விளக்கினான். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா கேட்டும் கேட்காமலும் நின்றார். மிகக் கனமான கறுப்பு அளவுகோல் போன்ற ஆயுதம் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஷியாவ் யான் மணலில் நடக்கிறானாம். அதைச் சுமக்கும்வரை ஆற்றல் மந்தமாகத்தான் ஓடும், இறக்கி வைத்தால்தான் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பது தெரியுமாம். அந்த நெருப்பை நினைத்த மாத்திரத்தில் எடுத்து விழுங்கிவிடவும் முடியாதாம். தசையைக் காக்க ஒரு மாத்திரை, நரம்பு கருகாமலிருக்கக் குளிர்ந்த ஊற்று நீர், உள்ளே போன நெருப்பை அடைத்து வைக்க ஒரு கலம், இந்த மூன்றும் கையில் இல்லாமல் தொட்டால் சாம்பல்தான். ஒவ்வொன்றையும் அவன் எங்கே, எப்படிச் சேர்த்தான் என்று அந்தப் பையன் விரல் மடக்கிச் சொன்னான். பத்துப் படிநிலைகளின் பெயரையும் வரிசை மாறாமல் ஒப்பித்தான். "வேதியியல்ல பத்து சமன்பாடு கேட்டா வாய் திறக்க மாட்டான்" என்றார் அம்மா. பையனின் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று.

அந்த அம்மாவை நான் நேரிலேயே கேட்டேன், உங்களையும் கேட்கிறேன். முன்னேற்பாடு இல்லாமல் பெரிய காரியத்தில் கை வைக்கக் கூடாது என்பதை அந்தப் பிள்ளை கதையிலிருந்து தானாக எடுத்துக்கொண்டிருக்கிறான். இதை மனதில் பதியவைக்க நீங்கள் எத்தனை அறிவுரை சொல்லியிருப்பீர்கள்! அவன் ஆசையோடு வாய் திறந்த அந்த நேரத்தில் வேதியியலைக் கொண்டுவந்து நிறுத்தினால், அடுத்த முறை அவன் உங்களிடம் வாய் திறப்பானா?

அந்தப் பாலைவனத்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கல் பாலைநகரத்தில் ஷியாவ் யானின் அண்ணன்மார் இருவரும் கூலிப்படை நடத்துகிறார்கள். அங்கே பணிப்பெண்ணாக இருக்கும் சிங்லின் மனிதருக்கும் பாம்பு இனத்தாருக்கும் பிறந்தவள். அவள் கையில் செதில் இருப்பதால் இரண்டு பக்கத்தாரும் அவளை அருவருக்கிறார்கள். ஷியாவ் யான் அந்தக் கையைத் தயங்காமல் பிடிக்கிறான். தூசி படிந்த கடையில் வரைபடம் விற்கும் கிழவர் ஹாய் போதோங், ஒரு காலத்தில் பனிப் பேரரசர் என்று பெயர் வாங்கிய மாவீரர். பாம்பு இனத்து அரசி மெதூசாவிடம் தோற்று, ஆற்றலுக்குப் பூட்டு விழுந்து, பல பத்தாண்டுகளாக அங்கே முடங்கிக் கிடக்கிறார். பிறப்பால் ஒதுக்கப்பட்ட பெண், தோல்வியால் ஒடுங்கிய முதியவர் என்று உங்கள் பிள்ளை அங்கே மனிதர்களைச் சந்தித்துக்கொண்டிருக்கிறான். இவர்களைப் பற்றி நீங்கள் அவனிடம் என்ன பேசினீர்கள்?

இந்தப் பாலைவனத்துக்குப் பின்னால் நிஜப் பாலைவனம் ஒன்று இருக்கிறது. சீனத்தின் வடமேற்கே தக்லமகான், கோபி ஆகிய பெரும் பாலைகள். 7-ஆம் நூற்றாண்டில் புத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் புறப்பட்ட யுவான் சுவாங் தன்னந்தனியாக அந்த வழியில்தான் வந்தார். கோபியின் ஓரத்தில் அவர் கையிலிருந்து தண்ணீர்ப் பை நழுவிக் கொட்டிப்போனது. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டு நீரில்லை. அந்தப் பாதையில் பலமுறை போய்வந்த ஒரு கிழட்டுக் குதிரைதான் மோப்பம் பிடித்து அவரைத் தண்ணீரிடம் கொண்டு சேர்த்தது. அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கும் செய்தி இது. அதே யுவான் சுவாங் தெற்கே வந்து, 640-ஐ ஒட்டி நம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தார். 645-இல் நாடு திரும்பினார். அவர் பயணத்தின் மேல் பல நூற்றாண்டுகளாகக் கதை படர்ந்து, 1592-இல் 'மேற்குப் பயணம்' என்ற நாவலாக அச்சேறியது. அதில் வரும் குரங்கு வீரன் ஒரு முனிவரிடம் போய்ச் சாகா நிலைக்காகச் சாதகம் செய்கிறான். பயண வழியில் மணலாறும் தீ எரியும் மலைத் தொடரும் வருகின்றன. இன்று உங்கள் பிள்ளை படிக்கும் கதைக்கு அதுவே பாட்டன். இதை நீங்கள் சொன்னால் அவன் காது கொடுப்பான். பாடநூலில் செய்யுளாகப் படிக்கும் பாலைத் திணையைக்கூட இந்த இடத்தில் பக்கத்தில் வைக்கலாம். வழிப்பறிக் கள்வரும், கொற்றவையும், பொருள் தேடிப் போனவனுக்காக வீட்டில் காத்திருப்பவளும் நம் பாலையிலும் உண்டு என்று பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள்.

இனி, விட்டுவிடுகிற பெற்றோரிடம் வருகிறேன். இந்த நாவல்களில் நஞ்சும் இருக்கிறது. அவமானப்படுத்தியவனை அடியோடு அழிப்பதே நீதி என்று பக்கம் பக்கமாகப் போகும் கதைகள் ஏராளம். வலிமை உள்ளவன் வைத்ததே சட்டம், எளியவனின் உயிர் புழுதி என்ற நினைப்பு பலவற்றில் ஊறிக் கிடக்கிறது. நாயகனின் பெருமையைக் காட்டுவதற்கென்றே பெண்களை அவனைச் சுற்றி நிறுத்துகிறார்கள். வயது வந்தவர்களுக்கு மட்டுமே உரிய கட்டங்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து விழுகின்றன. ஒரு படி ஏறினால் இன்னொரு படி, ஓர் எதிரி செத்தால் அவனுடைய அண்ணன், அவனுக்கு மேல் ஒரு குரு என்று முடிவே இல்லாமல் நீட்டுகிறார்கள். ஏன் நீட்டுகிறார்கள் என்றாவது தெரிந்துகொண்டீர்களா? பல செயலிகளில் ஆரம்ப அத்தியாயங்கள் இலவசம். பிள்ளை கதையில் சிக்கியதும் அடுத்த அத்தியாயத்துக்குப் பூட்டு. திறக்கக் காயின் வாங்க வேண்டும். உங்கள் யுபிஐ பின் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் காயின் வாங்குவது ஒரு நொடி வேலை. தெரியாவிட்டால் திருட்டுத் தளங்களுக்குப் போகிறான். அங்கே இயந்திரம் பெயர்த்த அரைகுறை ஆங்கிலமும், பக்கவாட்டில் கண் கூசும் விளம்பரங்களும் காத்திருக்கின்றன. 'படிக்கத்தானே செய்கிறான்' என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கும்போது, அவன் இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான்.

படிக்காத பெற்றோரால் இந்த நஞ்சிலிருந்து பிள்ளையைக் காக்கவும் முடியாது. "அந்தக் கதையெல்லாம் மோசம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும். "நாலான் யான்ரான் தன் கல்யாணத்தைத் தானே முடிவு செய்ய நினைத்தது தப்பா? அதற்கு இவ்வளவு பகை வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் நிமிர்ந்து உட்காருவான். வாதாடுவான். அந்த வாதத்தில்தான் நல்லது கெட்டது பிரிக்கும் புத்தி கூர்மையாகும். அந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் கதைக்குள் இருந்தாக வேண்டும்.

நல்லதைக் கையில் கொடுக்கவும் படித்தவரால்தான் முடியும். இதே சுவையில் பல மடங்கு மேலான எழுத்து உண்டு. ஹாங்காங்கில் மிங் பாவ் நாளிதழை 1959-இல் தொடங்கிய ஜின் யோங் (1924–2018) எழுதிய போர்க்கலை நாவல்களைச் சீன உலகமே தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறது. 1957-இல் தொடராகத் தொடங்கிய அவருடைய 'கழுகு வீரர்களின் கதை' 2018 முதல் ஆங்கிலத்தில் நான்கு பாகங்களாக வந்திருக்கிறது. அதன் நாயகன் குவோ ஜிங் மங்கோலியப் புல்வெளியிலும் பாலையிலும் வளர்கிறான். சொன்னது எளிதில் மண்டையில் ஏறாத பிள்ளை. ஆசான்கள் பலர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் தேறவில்லை. பிறகு ஒரு துறவி வந்து, அவனை இரவுதோறும் செங்குத்தான பாறையின் உச்சிக்கு ஏறிவரச் சொல்லி, மூச்சை மட்டும் கற்றுக்கொடுக்கிறார். திட்டுவதில்லை, அவசரப்படுத்துவதில்லை. அதன் பிறகுதான் ஆசான்கள் அதுவரை சொல்லிக்கொடுத்தது அவன் உடம்பில் உட்காரத் தொடங்குகிறது. மந்தமான பிள்ளை மாவீரனாகிறான். அதைவிட, செங்கிஸ் கானின் முகத்துக்கு நேரே நின்று, இத்தனை பேரைக் கொன்றவன் வீரனா என்று கேட்கும் மனிதனாகிறான். இந்த நாவலைப் பிள்ளைக்கு முன்னால் நீங்கள் படியுங்கள். உங்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

ஜின் யோங்கே 1961-இல் எழுதிய 'மேல்காற்றில் கனைக்கும் வெண்குதிரை' என்ற குறுநாவலும் இருக்கிறது. பாலைவனத்தில் பெற்றோரை இழந்து கசாக் மக்களிடையே வளரும் லி வென்ஷியு என்ற சீனப் பெண்ணின் கதை. காவோசாங் என்ற பழைய நாட்டின் புதையல் ஒரு புதிர்ப்பாதைக்குள் இருப்பதாகப் பேச்சு. கொள்ளையர்கள் அதற்காக ஆண்டுக்கணக்கில் கொலை செய்கிறார்கள். யுவான் சுவாங்கை மேலே போக விடாமல் தடுத்து, அவர் பட்டினி கிடந்ததைக் கண்டு மனமிரங்கி வழியனுப்பிய ஓர் அரசர் ஆண்ட நாடு அது. 640-இல் தாங் பேரரசிடம் வீழ்ந்தது. இடிந்த மண்சுவர்கள் இன்றும் துர்ஃபானுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. கதையில் கடைசியாக உள்ளே போனவர்கள் கண்டது தங்கத்தை அல்ல. சீனப் புத்தகங்கள், உடைகள், பாத்திரங்கள், இசைக்கருவிகள். எங்கள் மேன்மையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தாங் பேரரசர் கொடுத்தனுப்பியவை அவை. அந்த மக்களுக்கோ தங்கள் பாட்டும் தங்கள் உடையும் போதுமென்றிருந்தது. கொடுத்தவை எல்லாம் நல்ல பொருள்கள்தாம். கொடுத்தவர், வாங்குகிறவர்களின் மனம் என்ன என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

அபாகஸ், ஒலிம்பியாட், ஸ்போக்கன் இங்கிலீஷ், கோடிங் என்று நாம் பிள்ளைக்கு வாங்கி அடுக்கியவையும் நல்லவைதாம். அவனுக்கு எதில் மனம் ஓடுகிறது என்று கேட்டோமா? அவனாகவே தேடி, அவனாகவே ஆயிரம் அத்தியாயம் படித்த ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத்தான் குப்பை என்கிறோம்.

ஆகவே இந்த வாரம் இதைச் செய்யுங்கள். பிள்ளையிடம் போய், "நீ படிக்கிற கதையை நானும் படிக்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேளுங்கள். வேவு பார்க்க வந்திருக்கிறீர்களோ என்று முதலில் சந்தேகப்படுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் அவனையே தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். அவன் மொழியும் தேறும். பாதியில் மதிப்பெண் பேச்சை எடுக்காதீர்கள். பத்து முடிந்தபின் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். பிடிக்காததை அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், காரணத்தோடு. இரவு படுக்கையறைக்குள் போன் போகக் கூடாது என்று விதி வையுங்கள். அந்த விதி உங்கள் போனுக்கும் சேர்த்துத்தான். காயினுக்கு மாதம் இவ்வளவு என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், அல்லது வேண்டாமென்று முடிவு செய்யுங்கள். ஜின் யோங்கின் ஒரு பாகத்தை வாங்கி வீட்டில் வையுங்கள். யார் முதலில் படிப்பது என்று சண்டை வந்தால் நல்லது.

இவ்வளவையும் செய்த பிறகும் அந்தக் கதை உங்கள் பிள்ளைக்கு ஆகாது என்று தோன்றினால், தாராளமாகத் தடுத்து நிறுத்துங்கள். அப்போது உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஏன் நிறுத்தினீர்கள் என்பது அவனுக்கும் விளங்கும். அதுவரை, படிக்காத புத்தகத்தைப் பழிக்காதீர்கள். பிள்ளையின் கையிலிருந்து பிடுங்காதீர்கள்.